மெதுவாக ஓடிய மெசின்

அத்தியாயம் 7

"பத்து நிமிசம் மிஸ். பத்தே நிமிசம். உங்கட கண்ணுக்கு முன்னாலதானே ஓட்டிக் காட்டினனான்?"

வலன்ரைன் தன் கைக்கடிகாரத்தை எங்கள் மூக்குக்கு நேரே நீட்டினார். உப்புக்குளத்தில் இருந்த அந்தத் தொண்டு நிறுவனக் கந்தோருக்கு அவர்தான் பொறுப்பு. மீள்குடியேறிய சனங்களுக்கு வீடு கட்டிக்கொடுப்பது அவர்களுடைய வேலை. மனிதர் நல்லவர்தான். ஆனால் ஒரு கணக்குச் சரிவந்துவிட்டால் அதற்குப் பிறகு மூளைக்கு விடுமுறை கொடுத்துவிடுவார்.

நிறஞ்சலா மிஸ் மேசையில் இருந்த சின்னக் கம்பியூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடம் தபால் கந்தோரில் தொலைபேசி இணைப்புப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். பேசுகிறவன் பொய் சொல்கிறானா என்று அவன் மூச்சை வைத்தே பிடித்துவிடுவார். இப்போது மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் துப்பறிகிறார். அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குவதும், வேண்டாத நேரத்தில் பகிடி விடுவதும் என் உத்தியோகம். என் பெயர் முஹைதீன். இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். படிவம், பதிவு, பட்டியல் என்ற சொற்களைக் கேட்டாலே எனக்கு எழும்பி ஓடத் தோன்றும்.

விசயம் இதுதான். நறுவிலிக்குளத்தில் அறுபத்து மூன்று வீடு கட்டப்போகிறார்கள். யார் யாருக்கு வீடு என்ற பட்டியல் இந்தச் சின்ன மெசினுக்குள் இருந்தது. போன செவ்வாய்க்கிழமை கிறேஸ் என்ற பிள்ளை மெசினைக் கொண்டுபோய், ஒவ்வொரு குடும்பத்தையும் கூப்பிட்டு, விபரத்தை வாசித்துக் காட்டிப் பெருவிரல் அடையாளம் எடுத்தாள். திரும்பி வந்து பார்த்தால் பட்டியலில் அறுபத்திரண்டு குடும்பம். சிவலட்சுமி என்ற பெண்ணின் குடும்பத்தை யாரோ அழித்துவிட்டார்கள். அதனால் காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக நின்ற பார்த்தீபன் மேலே வந்துவிட்டான். இந்தப் பார்த்தீபன்தான் கிறேஸைப் பிரதான வீதியிலிருந்து ஊருக்குள் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகிறவன். ஊர் வாய்க்கு இது போதாதா?

"ஒரு குடும்பத்தை அழிச்சா, மெசின் வெளியில காட்டாமல் மற்ற எல்லாற்ற படத்தையும் கைரேகையையும் திருப்பிச் சரிபார்க்கும். அதுக்குப் பத்து நிமிசம். முடிஞ்ச நேரத்தை மட்டும் எழுதி வைக்கும். பன்ரண்டு ஐம்பது எண்டு எழுதியிருக்கு. அப்ப அழிச்சது பன்ரண்டு நாப்பதுக்கு," என்றார் வலன்ரைன். "பன்ரண்டு நாப்பதுக்கு ஆர் மெசினடியில இருந்தது? கிறேஸே சொல்லுறா, ஊர்ச்சனம் எல்லாம் சாப்பிடப் போயிட்டுது, நான் தனியத்தான் இருந்தனான் எண்டு."

"பொய் சொல்லத் தெரியாத பிள்ளை போல கிடக்கு," என்றேன் நான்.

"இண்டைக்கு நாலு மணிக்குப் பட்டியல் கச்சேரிக்கு, அரசாங்க அதிபரிட்டப் போகோணும். அதோட பொலிசில முறைப்பாடும் போகும். எனக்கு வேற வழியில்ல மிஸ்."

மணி பத்தரை. காலையில் கிறேஸின் தகப்பன் அருளப்பு எங்கள் அறை வாசலில் வந்து நின்றது ஞாபகம் வந்தது. பள்ளிமுனைக் கடற்தொழிலாளி. "என்ர பிள்ளையைக் கள்ளி எண்டுறாங்கள்" என்று மட்டும் சொன்னார். ஒரு பெட்டைப்பிள்ளையின் பெயர் பொலிஸ் புத்தகத்தில் ஏறினால் எங்கள் பக்கத்தில் அது இறங்கவே இறங்காது. வேலை போவது அதற்குப் பிறகுதான்.

மிஸ் எழுந்து சுவரில் ஒட்டியிருந்த தாளுக்குப் போனார். வந்த கம்பியூட்டர்கள் மூன்று வகை. எது என்ன வேகத்தில் ஓடும், எவ்வளவு பற்றரி குடிக்கும் என்று எழுதியிருந்தது. முதலாம் வகை எப்போதும் நானூறு மெகாஹேர்ட்ஸ், மாறாது. இரண்டாம் வகை கரண்டில் எண்ணூறு, பற்றரியில் நானூறு. மூன்றாம் வகை எங்கேயும் ஆயிரத்து இருநூறு. அதன் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார்.

"கிறேஸ் கொண்டுபோனது எந்த வகை?"

"மூண்டாம் வகை. கடைசியா வந்தது, நல்ல வேகம்."

"முதலாம் வகையா இருந்திருந்தா எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்?"

"அரை மணித்தியாலம். ஆனா இது அந்த வகையில்லை. இலக்கம் பாருங்கோ, அடியில ஒட்டியிருக்கு."

மிஸ் மெசினைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மெசின்கள் வெளியே போய் வருவதை எழுதும் கொப்பியைக் கேட்டு வாங்கினார். விரல் ஒரு வரியில் நின்றது.

"மூண்டாம் வகை முழு வேகத்தில ஓடினா பற்றரி எவ்வளவு நேரம் நிக்கும்?"

"நாலு மணித்தியாலம்."

"கிறேஸ் காலமை எட்டு மணிக்கு மெசினைப் போட்டு, பின்னேரம் நாலு மணிக்கு நிப்பாட்டியிருக்கிறா. எட்டு மணித்தியாலம். கந்தோருக்கு வரேக்க பற்றரியில இன்னும் நூற்றுக்குப் பத்து மிச்சம். இதில கிடக்கிறது உங்கட கையெழுத்துத்தானே?"

வலன்ரைன் கொப்பியைத் தன் பக்கம் திருப்பினார். "இடையில சார்ஜ் போட்டிருப்பா."

"நறுவிலிக்குளத்தில அந்தப் பக்கத்துக்குக் கரண்ட் வந்திட்டுதோ?"

"இல்ல... லாண்ட்மாஸ்ரர் பற்றரியில இருந்து போடுறவை."

மிஸ் என்னைப் பார்த்தார். நான் வெளியே போய்ப் பார்த்தீபனுக்குப் போன் எடுத்தேன். உழவு இயந்திரம் வைத்திருக்கிறவன் அந்தப் பக்கத்தில் அவன் ஒருவன்தான். 'அண்ணை, லாண்ட்மாஸ்ரர் போன கிழமை முழுக்க முருங்கனில திருத்தக் குடுத்துக் கிடந்தது' என்றான். குரலில் பயம் இருந்தது. நான் முருங்கன் கராஜுக்கும் எடுத்துக் கேட்டேன். உண்மைதான்.

"நாலு பேருக்குச் சமைச்ச சோறு எட்டுப் பேருக்குக் காணுமெண்டா என்ன அர்த்தம் முஹைதீன்?" என்று கேட்டார் மிஸ்.

"கறி வாயில வைக்கேலாது எண்டு அர்த்தம் மிஸ்."

"எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாத் திண்டிருக்கினம் எண்டு அர்த்தம். இந்த மெசின் அண்டைக்கு முழுக்க மெதுவா ஓடியிருக்கு. இந்தச் சின்ன எழுத்தை வாசியும்."

வாசித்தேன். *மூன்றாம் வகை மிகையாகச் சூடேறினால் புரொசெசர் தானாகவே முந்நூறு மெகாஹேர்ட்ஸுக்கு இறங்கும். மற்ற இரு வகைகளில் இவ்வசதி இல்லை.*

"ஆயிரத்து இருநூறில பத்து நிமிசம். முந்நூறில?"

"நாப்பது," என்றேன். என் தலைக்குள் ஏதோ திறந்தது. "அப்ப அழிச்சது பன்ரண்டு பத்துக்கு!"

வலன்ரைன் சிரித்தார். "தை மாசம் மிஸ். வாடைக்காத்து. நானே சுவெற்றர் போட்டுக்கொண்டு திரிஞ்சனான். மெசின் ஏன் சூடாகுது? காத்துப் போற ஓட்டை எல்லாம் துப்புரவாத்தான் கிடக்கு."

அதுவும் நியாயம்தான். மிஸ் மெசினை மறுபடி புரட்டினார். வெள்ளை நிற உடம்பில், காற்றோட்டைக்கு மேலேயும் கீழேயும் மெல்லிய இரண்டு கறுப்புக் கோடு சுற்றி ஓடியிருந்தது. துடைத்தும் போகாத கறை. என்னிடம் நீட்டி, "மணந்து பாரும்" என்றார்.

"சைக்கிள் ரியூப்," என்றேன். "பதினாறு வயசில இருந்து பஞ்சர் ஒட்டினவன் நான். இந்த மணத்துக்கு நித்திரையிலயும் எழும்புவன்."

---

பள்ளிமுனைக்குப் போகிற வழியில் மூன்று கழுதைகள் வீதியை மறித்து நின்றன. ஹோர்ன் அடித்தேன். அவை பார்த்த பார்வையில் கச்சேரி உத்தியோகத்தர்களின் சாயல் இருந்தது. மிஸ் சிரிக்கவில்லை. அவர் பயந்திருக்கும்போது சிரிக்கமாட்டார்.

அருளப்பு வீட்டு முற்றத்தில் வலை பரப்பியிருந்தது. அவர் கதிரை எடுக்க உள்ளே ஓடினார். மிஸ் உட்காராமல் வாசல் தூணில் தொங்கிய றேடியோவுக்குக் கிட்டப் போனார். படகில் கொண்டுபோகிற றேடியோ. தடித்த பொலித்தீனால் இறுக்கச் சுற்றி, சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டி மேலும் கீழும் இரண்டு கட்டுப் போட்டிருந்தது. பக்கத்தில் டோர்ச் லைட், அதற்கும் அதே உடுப்பு. மகளின் பழைய கைத்தொலைபேசிக்குக்கூட விதிவிலக்கு இல்லை.

"ஐயா, கிறேஸின்ர மெசினையும் இப்பிடித்தான் சுத்திக் குடுத்தனீங்களோ?"

"ஓம் மிஸ்," என்றார் அருளப்பு பெருமையோடு. "உப்புக்காத்து ஒரு கிழமையில எல்லாத்தையும் திண்டுபோடும். கந்தோர்ச் சாமான், பழுதாப்போனா பிள்ளைக்குத்தானே பேச்சு? அடியில, பக்கத்தில, ஒரு ஊசித்துவாரம் விடாமக் கட்டினனான். திரையும் பட்டனும் மட்டும் வெளியில."

உள்ளே இருந்து கிறேஸ் வந்தாள். இருபத்து மூன்று வயது இருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மெசினை மூடக்கூடாது எண்டு சட்டம் மிஸ். அதான் கந்தோருக்குக் கிட்ட வரேக்க கழட்டிப்போட்டுக் குடுப்பன். அப்பா ஆசையாக் கட்டித் தந்தவர், வேண்டாம் எண்டு சொல்ல மனம் வரேல்ல."

நறுவிலிக்குளத்தில் கடலும் இல்லை, உப்புக்காற்றும் இல்லை. ஆனால் கடற்கரையில் பிறந்தவருக்கு உலகம் முழுக்கக் கடற்கரைதான். வாடைக்காற்றில் ஊரே நடுங்கிக்கொண்டிருக்க, அந்த மெசின் பொலித்தீனுக்குள் கிடந்து வெந்திருக்கிறது. தகப்பனின் கரிசனைதான் மகளின் கழுத்தில் வந்து விழுந்திருக்கிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மிஸ்தான் சொன்னார், மெதுவாக. கேட்டதும் அருளப்பு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப அழுகிற நேரமில்ல ஐயா. அதே பொலித்தீன், அதே ரியூப் எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போங்கோ. செவ்வாய்க்கிழமை கட்டின மாதிரியே வலன்ரைனுக்கு முன்னால கட்டுங்கோ. ரெண்டு மணித்தியாலம் ஓடவிட்டு, ஒரு பொய்க் குடும்பத்தைச் சேர்த்து அழிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ. எவ்வளவு நேரம் எண்டு எனக்குப் போன் எடுக்கட்டும்." பிறகு கிறேஸின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, பன்ரண்டு பத்துக்கு நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

"பன்ரண்டு மணிக்குத் திரிகாலச் செபம் சொல்லுவன் மிஸ். பதிவு நடந்த பாலர் பாடசாலைக் கொட்டிலுக்குப் பின்னால ஒரு வேம்பு நிக்குது. அதுக்குக் கீழ நிண்டு சொல்லிப்போட்டு, கிணத்தில முகம் கழுவிக்கொண்டு வர இருபது நிமிசமாவது ஆகும்."

"மெசின்?"

"மேசையிலதான். வழமையா அப்பிடித்தான். அந்தச் சனம் ஒண்டையும் தொடாது."

"நீங்கள் எழும்பேக்க முன் கதிரையில ஆர் இருந்தது?"

கிறேஸ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் எங்கோ போய்விட்டது.

"சிவலட்சுமி அக்கா," என்றாள்.

---

நறுவிலிக்குளத்துக்குப் போகும் வழியில், பெரியபாலம் தாண்டித் தள்ளாடிச் சந்தியில்தான் கேட்டேன்.

"தன்ர பேரைத் தானே அழிக்க அந்த மனிசிக்கு என்ன விசரே மிஸ்? மூண்டு வருசமாத் தகரக் கொட்டிலுக்குள்ள கிடக்கிறவ."

"அதைத்தான் கேக்கப் போறம்."

"அவதான் எண்டு தெரிஞ்சா, கிறேஸைக் காப்பாத்த அவவைக் குடுக்கோணும். இதென்ன தொழில் மிஸ் இது?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சிவலட்சுமியை வயல்வயலாகத் தேடிக் கண்டுபிடிக்க மணி இரண்டரையாகிவிட்டது. ஒரு வயல்கரையில் நின்றார். நாற்பதுக்குள் இருக்கும். எங்களைக் கண்டதும் நெற்றியில் குங்குமப் பொட்டு இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தக் கொட்டிலில் கதிரை இல்லை. பாயை விரித்து, "இருங்கோ, தேத்தண்ணி ஊத்திறன்" என்றார்.

மிஸ் பாயில் உட்கார்ந்தார். அந்த நேரம் போன் அடித்தது. வலன்ரைன்.

"நாப்பத்தொரு நிமிசம் மிஸ்," என்ற குரல் எனக்கும் கேட்டது. "மணிக்கூட்டை ரெண்டு தரம் பாத்தனான். நாப்பத்தொண்டு." அவர் பெரிதாக ஏதோ சொல்லத் தொடங்கினார். மிஸ் போனை வைத்துவிட்டார்.

"சிவலட்சுமி, அந்தப் பிள்ளை கிறேஸை இண்டைக்கு நாலு மணிக்குப் பொலிசில குடுக்கப் போயினம். உங்கட குடும்பத்தை அவதான் அழிச்சவ எண்டு சொல்லி."

அவர் கையில் இருந்த கேத்தலை நிலத்தில் வைத்தார்.

"ஐயோ," என்றார். "அவளையோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

பிறகு நிலத்தில் குந்தினார். சொல்லத் தொடங்கியதும் நிறுத்தாமல் சொன்னார்.

"அவள் ஒவ்வொண்டா வாசிச்சுக் காட்டினவள். பேர் சரி, பிள்ளையளின்ர பேர் சரி. பிறகு 'கணவர் சிவராசா, இறந்தவர்' எண்டாள். நான் அப்பிடி ஒருக்காலும் சொல்லேல்ல. அவர் சண்டை முடிஞ்ச வருசம் சித்திரை மாசம் தண்ணி எடுக்கப் போனவர், வரேல்ல. அவ்வளவுதான் நான் சொன்னது. தங்கச்சி, இது பிழை எண்டு சொல்ல வெளிக்கிட, அவள் செபம் சொல்ல எழும்பிட்டாள். நான் அந்தச் சொல்லையே பாத்துக்கொண்டிருந்தனான். எழுத்து எல்லாம் தமிழ்தானே. அந்தச் சொல்லில ஒருக்கா அமத்தினன். கீழ 'நீக்கு' எண்டு வந்துது. அமத்தினன். நிச்சயமோ எண்டு கேட்டுது. நிச்சயம் எண்டு அமத்திப்போட்டு, அவள் வர முதல் எழும்பி வந்திட்டன்."

"அது குடும்பத்தையே அழிச்சிட்டுது."

"எனக்கு அந்த ஒரு சொல்தான் போகோணும் மிஸ். பட்டியலை ஒட்டினாப் பிறகுதான் பாத்தன், எங்கட பேரே இல்ல. போய்க் கேட்டா திரும்ப அதையே எழுதிப்போட்டுப் பெருவிரலை வை எண்டுவாங்கள். அதான் பேசாமல் இருந்திட்டன்." தலையை நிமிர்த்தினார். "அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் நடக்கக்கூடாது. நான் வாறன். இப்பவே வாறன்."

தேத்தண்ணி ஊற்றவே இல்லை. நான் ஓட்டோ ஒன்று பிடித்து இரண்டு பேரையும் ஏற்றிவிட்டு, மோட்டார் சைக்கிளில் முன்னால் போனேன்.

---

கந்தோருக்குள் நுழையும்போது மணி மூன்றே முக்கால். மெசின் இன்னும் பொலித்தீன் உடுப்போடு மேசையில் கிடந்தது. அருளப்பும் கிறேஸும் சுவரோரம் நின்றார்கள். சிவலட்சுமி நேரே வலன்ரைனின் மேசைக்குப் போனார்.

"நான்தான் அழிச்சனான். அந்தப் பிள்ளை ஒரு பாவமும் அறியாது."

கிறேஸ் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "என்னில பிழை அக்கா. அந்தப் படிவத்தில ரெண்டே ரெண்டு பெட்டிதான். இருக்கிறார், இறந்தவர். இறந்தவர் எண்டு போட்டா முதல் வரிசையில வீடு கிடைக்கும். நானா யோசிச்சு, உங்களிட்டக் கேக்காமல் போட்டனான்."

"நீ நல்லது நினைச்சுத்தான் செய்தனி," என்றார் சிவலட்சுமி. "உன்னட்ட எப்பிடிக் கோவிக்கிறது?"

வலன்ரைன் முறைப்பாட்டுக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துக் கூடைக்குள் போட்டார். கிறேஸைப் பார்த்து, "என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றார். நான் முதலே சொன்னேன், மனிதர் நல்லவர். பிறகு அவசர அவசரமாக ஒரு தாளை எடுத்து சிவலட்சுமிக்கு முன்னால் வைத்து, மைப்பெட்டியைத் திறந்தார்.

"நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிசம் கிடக்கம்மா. இதில பெருவிரலை வையுங்கோ. உங்கட குடும்பத்தைத் திரும்பச் சேர்க்கிறன். வீடு உங்களுக்குத்தான்."

"அதில என்ன எழுதியிருக்கு?"

வலன்ரைன் தொண்டையைச் செருமினார். "பழைய விபரம்தான்."

"மற்றப் பெட்டியில போடேலாதோ? இருக்கிறார் எண்டு?"

"போடலாம். அப்ப அவர் நேர வந்து கையெழுத்து வைக்கோணும். அதுதான் சட்டம்."

நிறஞ்சலா மிஸ் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுது நான் கண்டதில்லை, அன்றைக்கும் காணக்கூடாது என்று நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அக்கா, வையுங்கோ," என்று கிறேஸ் கெஞ்சினாள். "ஒரு கடதாசிதானே. பிள்ளையளை யோசியுங்கோ. மழைக்கு அந்தக் கொட்டில் எப்பிடி ஒழுகுது எண்டு நான் பாத்தனான்."

சிவலட்சுமி தாளை வாசித்தார். ஆறுதலாக, ஒவ்வொரு வரியாக, கடைசிவரை வாசித்தார். பிறகு அதை வலன்ரைனின் பக்கம் தள்ளிவைத்தார்.

"பார்த்தீபன்ர வீட்டிலயும் கஷ்டம்தான். அவனுக்கே போகட்டும்."

"அம்மா, அடுத்த வீட்டுத்திட்டம் எப்ப வரும் எண்டு எனக்கே தெரியாது," என்றார் வலன்ரைன். "இந்த வீட்டை ஏன் விடுறீங்கள்?"

சிவலட்சுமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினார்.

"அவர் செத்துப்போனார் எண்டு சொல்லி வாங்கின வீட்டில, நாளைக்கு அவர் வந்து கதவைத் தட்டினா, நான் என்ன முகத்தோட திறக்கிறது ஐயா?"